வேலூர்க் குழந்தைகளும் எங்கள் வீட்டுக் குழந்தைகளும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் முட்டுக்காடு படகுத் துறையைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கென்று மத்திய அரசு 2005ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். அந்தப் பெயர்ப் பலகை கண்ணில் பட்டதே இல்லை. நமக்கு வேண்டியது என்று ஆன பிறகுதான் சில பலகைகள் தெரிய ஆரம்பிக்கின்றன.

என் பேரனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் மாடி அறையில் பிஸ்கட் காகிதம் பிரியும் சத்தம் கீழே இருக்கும் அவன் காதில் விழும். மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். செங்கல்பட்டிலிருந்து வண்டலூர் வந்து, கேளம்பாக்கம், கோவளம் வழியாக வாரம் இரண்டு நாள் முட்டுக்காட்டுக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம். மகள் உள்ளே பயிற்சியில் இருக்கும்போது நான் வெளியே மற்றத் தாத்தா பாட்டிகளோடு உட்கார்ந்திருப்பேன். அங்கே நடக்கும் பேச்சில் பாதி, பிள்ளைகள் என்ன சாப்பிடுகின்றன, என்ன சாப்பிட மறுக்கின்றன என்பதுதான். மீதிப் பாதி, இன்னார் இந்த மாத்திரை கொடுத்தார்கள், இன்னார் கோதுமையை நிறுத்தினார்கள் என்பது.

ஐந்து மாதத்துக்கு முன் என் மகள் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வேறொரு தனியார் இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை. பதினான்கு பக்கம். வைட்டமின் டி, பி12, துத்தநாகம், செம்பு, மக்னீசியம், ஃபெரிட்டின் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டை. கடைசிப் பக்கத்தில் ஆறு டின் சத்துப்பொடியின் பெயர்கள். அவற்றையும் அவர்களே விற்கிறார்கள்.

"அப்பா, நீங்க லேப்லதானே இருந்தீங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும், நான் அரசு ஆஸ்பத்திரிகளில் 36 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்தவன். நியாயமாக அந்தக் கோப்பைப் பார்த்ததும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படவில்லை. ஆறு டின்னுக்கும் நானே பணம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் 1964க்குப் போக வேண்டும்.

என் சின்னம்மாவைச் சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். டச்சுக்காரர் கோட்டைக்குப் பின்னால் வீடு. வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும், ஆனால் மீன் வாசனை உள்ளே வரக்கூடாத சைவ வீடு. சித்தப்பாவுக்கு மளிகைக் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஒரு பசு மாடு. பால் முழுவதும் காபி கிளப்புக்குப் போய்விடும். சின்னம்மாவுக்கு இரண்டாவது ஆண் குழந்தை. கோடை விடுமுறைக்குப் போயிருந்த எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. குழந்தைக்கு ஒரு வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குழந்தை கொழுகொழுவென்று இருந்தான். அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. ஆறு மாதத்தில் சிரித்தவன், குப்புறக் கவிழ்ந்தவன், பத்து மாதத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டான். உட்கார வைத்தால் சரிந்துவிடுவான். முகம் வெளுப்பு. தலைமுடி செம்பட்டையாகி, மெலிந்து, எண்ணெய் வைத்தாலும் பறக்கும். இத்தனை வெளுத்த பிள்ளைக்கு விரல் கணுக்கள் மட்டும் கரி தடவியதுபோல் கறுத்திருந்தன. சின்னம்மா ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். பிறகு ஒருநாள் காய்ச்சல் வந்தது. அதைத் தொடர்ந்து கைகள் நடுங்க ஆரம்பித்தன. தலையும் நடுங்கியது. தூங்கும்போது மட்டும் நடுக்கம் நிற்கும்.

மாந்தம் என்றார்கள். சீர் தட்டிவிட்டது என்றார்கள். திருப்போரூர் முருகனுக்கு முடிந்து வைத்தார்கள். கோவளம் தர்காவுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள்; அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் மதம் பார்த்தவர்கள் குறைவு. சத்துக் குறைவாக இருக்குமோ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "புஷ்டியாத்தானே இருக்கான், தாய்ப்பால்தானே குடிக்கிறான்" என்பது பதிலாக இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் சளி கட்டிக் குழந்தை இறந்துபோனான். நான் அப்போது அங்கே இல்லை.

இதை மறந்தும்போனேன் என்றே சொல்ல வேண்டும். பதினேழு வருஷம் கழித்து, 1981இல், மாவட்டத்தில் நான் வேலை பார்த்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு அதே குழந்தை மறுபடி வந்தது. வேறு தாய், வேறு ஊர். ஆனால் அதே வெளுப்பு, அதே செம்பட்டை முடி, அதே கறுத்த விரல் கணு, அதே நடுக்கம். அப்போது அங்கே இருந்த உதவி மருத்துவர் வேலூரில் படித்தவர். குழந்தையைப் பார்த்த அரை நிமிடத்தில் லேபுக்கு ஆள் அனுப்பினார். குழந்தைக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

சாலி குழாயில் ஹீமோகுளோபின் பார்த்தேன். குழந்தைக்கு ஐந்து சொச்சம். லெய்ஷ்மன் சாயம் போட்டு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். சிவப்பணுக்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிதாக, முட்டை வடிவில் இருந்தன. வெள்ளையணுவின் உட்கரு சாதாரணமாக மூன்று நான்கு துண்டாக இருக்கும். இங்கே ஆறு துண்டு. தாயின் ஸ்லைடிலும் அதே கதை, கொஞ்சம் இலேசாக. இரும்புச் சத்துக் குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும். பெருத்துப்போனால் அது பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு. எங்கள் படிப்பில் முதல் வருஷப் பாடம் அது.

டாக்டர் பி12 ஊசி போட்டார். மூன்றாம் நாள் அந்தக் குழந்தை தலையைத் திருப்பித் தாயின் முகத்தைப் பார்த்தது. ஏழாம் நாள் கிரெசில் ப்ளூ போட்டுப் புது அணுக்களை எண்ணினேன், சரசரவென்று ஏறியிருந்தன. நடுக்கம் நிற்க ஒரு மாதம் ஆயிற்று. அந்தப் பிள்ளை பிறகு நடந்ததையும் பார்த்தேன், பேச்சு கொஞ்சம் தாமதம்தான். எல்லாம் முடிந்து நான் டாக்டரிடம், "சார், இதே மாதிரி எங்க வீட்ல ஒரு குழந்தை" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் எந்த வருஷம் என்று கேட்டார். 1964 என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேலூர்க் கட்டுரை 1962இலேயே வந்துவிட்டது என்றார்.

அந்தக் கட்டுரையின் கதை நம் ஊர்க் கதை. அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

இதற்கு முன்கதை சென்னை கோஷா ஆஸ்பத்திரி வரை போகும். இப்போது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. நம்மில் பலர் பிறந்த இடம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் ஒருவிதச் சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். அணுக்கள் பெருத்துப்போகும் சோகை. அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சில மாதம் ஆராய்ச்சி செய்தார், 1931இல் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். மார்மைட் என்று ஒரு கறுப்புப் பசை, ஈஸ்டிலிருந்து எடுப்பது, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்பது. அதைக் கொடுத்தால் அந்தச் சோகை தெளிகிறது என்று கண்டுபிடித்தார். அதில் இருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. கருவுற்ற காலத்தில் தாய்க்கு அது குறைந்தால் பிள்ளையின் முதுகுத்தண்டும் மூளையும் மூடாமல் பிறக்கக்கூடும் என்பதும், முன்பு அப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு முன்கூட்டியே அதைக் கொடுத்தால் சுமார் 70 சதவீதம் தடுக்கலாம் என்பதும் 1991இல் பிரிட்டனில் இருந்து வெளியான பெரிய பரிசோதனையில் உறுதியானது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்பு மாத்திரையில் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருக்கிறதே, அதன் பூர்வீகத்தில் பம்பாயும் குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

பி12 வேறு. 1948இல்தான் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள், அமெரிக்காவில் ஒரு குழு, இங்கிலாந்தில் ஒரு குழு. அதன் அமைப்பைக் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964இல் நோபல் பரிசு கிடைத்தது. வருஷத்தைக் கவனியுங்கள். அதே 1964.

1950களில் இந்தியாவில் பல இடங்களில் குழந்தை மருத்துவர்கள் இந்த நடுங்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்கள். 1957இல் தீட்சித் என்பவர் எழுதினார். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ, கிருமியோ, விஷமோ என்று பல ஊகங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பிரிவில் இருந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, ரத்தவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆஸ்திரேலியரான செல்வின் பேக்கர், நால்வரும் சேர்ந்து வேறு ஒன்று செய்தார்கள். குழந்தையோடு தாயையும் பரிசோதித்தார்கள். தாய்ப்பாலையும் பரிசோதித்தார்கள். தாயின் ரத்தத்தில் பி12 மிகக் குறைவு, பாலிலும் குறைவு, அந்தப் பாலை மட்டுமே குடித்து வளர்ந்த பிள்ளையிடமும் இல்லை. பி12 கொடுத்ததும் பிள்ளைகள் தெளிந்தன. 1962இல் லான்செட் பத்திரிகையில் அது வெளியானது. இந்தியக் கைக்குழந்தைகளில் பி12 குறைவு என்பது அதன் பொருள்.

பி12 செடி கொடிகளில் கிடைக்காது. மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் இவற்றில்தான். சைவமாக இருப்பதனால் மட்டும் அது வந்துவிடாது, பாலும் தயிரும் போதுமான அளவு சாப்பிட்டால் சமாளித்துவிடலாம். ஆனால் சைவ வீட்டில் வறுமையும் சேர்ந்து, இருக்கிற பாலும் விற்பனைக்குப் போய், பிள்ளை பெற்றவளுக்கு மாதக்கணக்கில் பத்தியச் சோறும் மிளகு ரசமும் என்றால், அவள் உடம்பில் சேமிப்பு இருக்காது. பிறக்கும்போது பிள்ளைக்குக் கிடைக்கும் கையிருப்பு சில மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் மாவும் கொழுப்பும் குறைவதில்லை, அதனால் பிள்ளை கொழுகொழுவென்றே இருக்கும். மூளைக்கு வேண்டியது மட்டும் இல்லாமல் போகும். எல்லா நடுங்கும் குழந்தைகளுக்கும் பி12 மட்டும்தான் காரணமா என்று பிற்காலத்தில் மருத்துவர்கள் விவாதம் செய்தார்கள், அது அவர்கள் துறை. கறுத்த விரல் கணுவும் பெருத்த அணுவும் சேர்ந்து வந்த குழந்தையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்றைக்குச் சதுரங்கப்பட்டினத்துக்கும் வேலூருக்கும் இடையே நூறு மைல்கூட இல்லை.

இதனால்தான் மகள் கோப்பைக் காட்டியதும் நான் டின்களை வாங்கினேன். ஒரு குழந்தைக்குத் தெரியாமல் செய்யத் தவறியதை இன்னொரு குழந்தைக்குச் செய்துவிட வேண்டும் என்று ஒரு அவசரம். என் பேரனின் பி12 பச்சைப் பட்டையில்தான் இருந்தது. அவன் தயிர்ச் சோறு மட்டுமே தின்கிறவன், பி12 எப்படிக் குறையும்? அதைக்கூட யோசிக்கவில்லை.

முட்டுக்காட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நான் மறுபடி படிக்க ஆரம்பித்தேன். ஆட்டிசம் என்ற பெயரில் இந்தக் குழந்தைகளை முதலில் விவரித்தவர் லியோ கானர், 1943இல். அதன் பிறகு பல நாடுகளில் இந்தக் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் டி, துத்தநாகம், இரும்பு போன்றவை மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாகக் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அழற்சியைக் காட்டும் பொருள்கள் சில குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதாகவும் சொல்கின்றன. 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒன்று, இறந்துபோன ஆட்டிசக்காரர்களின் மூளைத் திசுவிலேயே அழற்சியின் தடயத்தைக் கண்டது. எல்லாம் உண்மை. ஆனால் எது முன்னே, எது பின்னே? வெள்ளைச் சோறும் தயிரும் ஒரே ஒரு வகை பிஸ்கட்டும் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளைக்கு இரும்பு குறையத்தான் செய்யும். வெளியே விளையாடப் போகாத பிள்ளைக்கு வெயில் படாமல் வைட்டமின் டி குறையத்தான் செய்யும். இரண்டு வகை உணவை மட்டுமே தின்று வந்த ஆட்டிசக் குழந்தைகளுக்கு, கப்பல் மாலுமிகளோடு போய்விட்டது என்று நினைத்த ஸ்கர்வி நோய் வந்ததாகவும் மருத்துவப் பத்திரிகைகளில் இருக்கிறது. வேலூர்க் குழந்தைக்குச் சத்துக் குறைந்தது, அதனால் மூளை தடுமாறியது. என் பேரனுக்கு மூளை வேறு விதமாக அமைந்தது, அதனால் சாப்பாடு தடுமாறுகிறது, அதனால் சத்துக் குறைகிறது. முதலாவதை ஊசி குணமாக்கும். இரண்டாவதில் குறைந்த சத்தை நிரப்பலாம், நிரப்பவும் வேண்டும், ஆட்டிசம் அதனால் போய்விடாது. அந்தப் பதினான்கு பக்கக் கோப்பு இந்த இரண்டையும் ஒன்றாக்கி விற்றது. நானும் வாங்கினேன்.

அழற்சி என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன். கிருமியோ காயமோ வந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகும் நிலை அது. புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாவது வெளியே தெரியும் அழற்சி. உள்ளே இருப்பது தெரியாது. எங்கள் காலத்தில் அதற்கு ஈ.எஸ்.ஆர். குழாய், ரத்தத்தை நிறுத்திவைத்து ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் படிகிறது என்று பார்ப்போம். இப்போது சி.ஆர்.பி. என்று துல்லியமாகப் பார்க்கிறார்கள். உடம்பு சண்டையில் இருக்கும்போது இரும்பைக் கிருமிக்குக் கிடைக்காமல் கிடங்கில் பூட்டிவிடும். கிடங்கின் அளவைக் காட்டுவது ஃபெரிட்டின். ஆகவே சாதாரணக் காய்ச்சல் சளியில்கூட ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். துத்தநாகமும் வைட்டமின் ஏயும் பொய்யாக இறங்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஃபெரிட்டின் 12க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு என்றும், அழற்சி இருந்தால் 30க்குக் கீழேயே குறைவு என்றும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் வேலூர் மறுபடி வருகிறது. 2009க்குப் பிறகு எட்டு நாடுகளில் பிறந்த நாளிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த மால்-எட் என்ற ஆய்வில் வேலூர்க் குடிசைப் பகுதியும் ஒரு களம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் நடத்தினார்கள். வயிற்றுப்போக்கு இல்லாத நாளிலும் மலத்தைப் பரிசோதித்து, குடலில் என்ன கிருமி, எவ்வளவு அழற்சி என்று கணக்கெடுத்தார்கள். எல்லாக் களங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, அடிக்கடி நோயும் குடல் கிருமியும் கண்ட பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் குறைவாகவும், இரண்டு வயதில் அறிவு வளர்ச்சி மதிப்பெண் சற்றுக் குறைவாகவும் இருந்தது. இவை ஆட்டிசக் குழந்தைகள் அல்ல, சாதாரணக் குழந்தைகள். தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு, அதைக் குடல் உள்ளே விடுகிறதா என்பதும் கணக்கில் வர வேண்டும். கிணற்றடியும் கழிப்பறையும்கூடப் பிள்ளையின் படிப்போடு சம்பந்தப்பட்டவை என்று அர்த்தம்.

இதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். ஃபெரிட்டின் 26. பச்சைப் பட்டை. சி.ஆர்.பி. பார்க்கவே இல்லை. மகளிடம், ரத்தம் எடுத்த அன்று பிள்ளைக்கு உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சளி, காய்ச்சல் இருந்துச்சுப்பா. அப்பாயின்ட்மென்ட் போயிடுமேன்னு கூட்டிட்டுப் போயிட்டோம்."

பிள்ளை தேறி நான்கு வாரம் கழித்து, எங்கள் குழந்தை மருத்துவரிடம் சொல்லி மறுபடி எடுத்தோம். சி.ஆர்.பி. சரியாக இருந்தது. ஃபெரிட்டின் 7. கோப்பு சிவப்பில் காட்டிய துத்தநாகம் இப்போது சரியான அளவில். அதாவது, இல்லாத குறைக்கு மூன்று டின் கொடுத்துவிட்டு, இருந்த குறையைப் பச்சைப் பட்டை போட்டு மூடிவிட்டார்கள். ஆறு டின்னிலும் இரும்பு ஒரு பொட்டு இல்லை.

மருத்துவர் இரும்பு டிராப்ஸ் எழுதினார். தயிர் அளவைக் குறைக்கச் சொன்னார், அதிகப் பாலும் தயிரும் இரும்பு சேர்வதைத் தடுக்குமாம். குறைப்பது சொல்வது போல் சுலபமில்லை. பேரன் இரண்டு நாள் பட்டினி கிடந்தான், என் மனைவி மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் தயிர் ஊற்றிவிட்டாள். இப்போது ஒருவிதமாகப் பேரம் நடக்கிறது.

ஒரு சிறிய விஷயம், நம் வயதுக்காரர்களுக்காக. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும்போது சாலையின் இருபுறமும் உப்பளம் வரும். பக்கிங்காம் கால்வாய் வழியாக இந்தப் பக்கத்து உப்பு படகில் சென்னைக்குப் போன காலம் ஒன்று உண்டு. கடல் உப்புதானே, அதில் அயோடின் தானாக இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெயிலில் காய்ந்த உப்பில் அது பெயருக்குத்தான் மிஞ்சும். தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் பிள்ளை ஊமையாகவும் செவிடாகவும் மூளை வளர்ச்சி இல்லாமலும் பிறக்கும். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் ராமலிங்கசுவாமி என்ற ஆந்திரத்து மருத்துவர் ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் மற்ற இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பும் கொடுத்து, கழுத்துக் கழலை குறைவதை நிரூபித்தார். 1962இல் தேசியத் திட்டம் வந்தது. ஆம், வேலூர்க் கட்டுரை வந்த அதே வருஷம். அயோடின் சேர்க்காத உப்பை உண்ண விற்கக்கூடாது என்ற சட்டம் 2006 மே மாதம் முதல் நடப்பில் இருக்கிறது. இருந்தும் 2018-19இல் எடுத்த தேசியக் கணக்கில், போதுமான அயோடின் உப்பு சேரும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான், இந்தியாவிலேயே கடைசி. உப்பு விளைவிப்பதில் முன்னணியில் இருக்கும் மாநிலங்களில் நாமும் ஒன்று. இயற்கை என்று சொல்லிக் கல்லுப்பையும் இந்துப்பையும் தேடி வாங்குகிற பெரியவர்கள், வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் பாக்கெட்டில் அயோடின் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்கு மேடை கிடைத்ததால் சொல்லிவிட்டேன்.

சின்னம்மா இருக்கிறார். 86 வயது. திருக்கழுக்குன்றத்தில் மகள் வீட்டில். 1981இல் நான் தெரிந்துகொண்டதை அவரிடம் சொன்னதில்லை. ஒரு ஊசியில் பிழைத்திருக்கக் கூடிய பிள்ளை, குறை உன் பாலில் இருந்தது என்று எந்த வாயால் சொல்வது? நாற்பது வருஷத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டேன். போன மாதம் என் மகளும் பேரனும் நானும் அங்கே போயிருந்தோம். பேச்சுவாக்கில் மகள், "நான் மாசமா இருந்தப்ப ஒழுங்காச் சாப்பிடல, அதனாலதான் இவனுக்கு இப்படியோ என்னவோ" என்று சொல்லி அழுதுவிட்டாள். அவள் நன்றாகத்தான் சாப்பிட்டாள், நான் பார்த்தவன். ஆனால் பதில் சொல்லப் போனபோது எனக்கு வேறு வாய் வந்துவிட்டது. வேலூர்க் கதையை, எங்கள் ஸ்லைடை, கறுத்த விரல் கணுவை, எல்லாவற்றையும் சின்னம்மா முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

சின்னம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் பேரன் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மகளிடம், "எனக்கு அன்னிக்குப் பால் கெடைக்கலம்மா. நெசமாவே கெடைக்கல. காபி கிளப்புக்காரன் மாசம் பதினெட்டு ரூபா குடுப்பான், அதுலதான் வீட்டு வாடகை. உனக்கு எல்லாம் கெடைச்சுது, நீ சாப்ட்ட. ரெண்டும் ஒண்ணில்ல, அழாத" என்றார். என்னிடம் திரும்பி, "ஊசி அப்பவே இருந்துச்சாடா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது சின்னம்மா என்றேன். "யாரு கண்டா" என்றார்.

பேரன் அவர் கையிலிருந்து விரல்களை உருவிக்கொண்டு, மின்விசிறி சுற்றுவதைப் பார்க்கப் போய்விட்டான். டிராப்ஸ் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இரவில் புரண்டுகொண்டே இருந்தவன் இப்போது தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்குகிறான். பேச்சு வரவில்லை. அடுத்த மாதம் முதல் வாரம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். இந்த முறை சளி இல்லாத நாளாகப் பார்த்துப் போவதாக இருக்கிறோம்.